ஒட்டகச்சிவிங்கி பஸ்ஸின் இசைத்தட்டு

ஜூன் 6, சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

நீ அனுப்பிய கார்ட்டூன் இசை சி.டி.யை இன்று காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்குப் போட்டோம். அப்போது கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், உன் மருமகள் வாலு, கத்தரிக்கோலைத் திருப்பித் தர வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்ட மேல்வீட்டுத் தையற்காரம்மா. ஆக நான்கு பேர். கேட்டவர்கள் மூன்று பேர்.

வாலுவுக்குக் காது கேட்காது.

இதை எப்படி எழுதுவது என்று ஆறு வாரமாக யோசித்தேன். எழுதிப் பார்த்தால் மூன்று வார்த்தைதான். ஏப்ரல் ஒன்பதாம் தேதி காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. பன்னிரண்டாம் நாள் உயிரோடு வீட்டுக்கு வந்தாள். அதற்கு இரண்டு வேளையும் விளக்கேற்றி நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் பால் பாத்திரம் என் கை தவறி அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அவள் திரும்பவில்லை. அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு காதும்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போன வருஷம் நான் உன்னிடம், "குரங்கு குதிக்கிறதுக்கு மேளம் தட்டுறதெல்லாம் ஒரு பொழப்பா? நாலு சாமி பாட்டுக்கு இசை போடக் கூடாதா?" என்று கேட்டேன். நீ, "உன் சாமிக்கு ஏற்கனவே நிறையப் பேர் வாசிக்கிறாங்க, அங்க எனக்கு இடம் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தாய். பதினான்கு மாதம் ஆகிறது. நீ கூப்பிடுவாய் என்று நானும், நான் கூப்பிடுவேன் என்று நீயும் இருந்துவிட்டோம். அதற்கு நடுவில் இது நடந்துவிட்டது. முதல் வார்த்தையாக இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குள் உன் பார்சல் வந்துவிட்டது. அட்டையில் 'என் முதல் ரசிகை வாலுவுக்கு' என்று அச்சடித்திருக்கிறாய். அதை அவளே படித்தாள். "மாமா என் பேரைப் போட்டிருக்காரு!" என்று கத்தினாள். இப்போது எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்கிறாள். உடனே போடு போடு என்று ஒரே பிடிவாதம். கேட்காத பாட்டை எதற்குப் போடச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. உன் அத்தான் பிளேயரைத் துடைத்துப் போட்டார்.

காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறதாம். அதற்குள் மெல்லிய கம்பி வைத்து, வெளியே ஒரு மெஷினை மாட்டினால் ஓசை தெரியுமாம். ஆனால் இந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு அந்தச் சுருள் நாளாக ஆக எலும்பாக மூடிக்கொள்ளுமாம். மூடிவிட்டால் கம்பி போகாது. "தள்ளிப் போடாதீங்கம்மா" என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பிள்ளையின் மண்டையைத் துளைத்துக் கம்பி வைக்க என் மனம் ஒப்பவில்லை. கொடுத்தவன் திருப்பிக் கொடுக்க மாட்டானா என்று இருக்கிறது.

இன்று, ஐந்தாவது இசைத்துண்டு ஓடும்போது வாலு தலையைத் தூக்கி ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள். ஒன்பதாவதில் மறுபடியும். தையற்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, பாப்பாவுக்குக் கேக்குதும்மா!" என்றாள். உன் அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பென்சிலைக் கூராக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நாற்பது நாள் இதை ஒரு நாளும் தவறாமல் போடுவதென்று நேர்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு டாக்டரைப் பார்ப்போம்.

போன் பண்ணாதே. நான் போனில் பேசினால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "யாரும்மா? என்ன சொல்றாங்க?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்கிறாள். சிலேட்டில் எழுதிக் காட்டி முடிவதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுகிறார்கள். அதனால் வீட்டில் போனை எடுப்பதில்லை என்று ஆக்கிவிட்டோம். எழுது.

அக்கா

●

ஜூன் 10, புதன்

அக்கா,

உன் கடிதத்தை ஸ்டுடியோ வாசலில் நின்று படித்தேன். உள்ளே பன்னிரண்டு வயலின்காரர்கள் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பதிவு செய்ய வேண்டியது முள்ளம்பன்றி கண்டக்டரின் பிறந்தநாள் பாட்டு. போய்ப் பதிவு செய்தேன். எல்லாரும் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை.

ஆறு வாரம்! நான் என்ன தெருவில் போகிறவனா? கோபமாக இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நீ என்னைக் கூப்பிடவில்லை, சரி. நான் கூப்பிட்டேனா? அட்டையில் பேர் அச்சடிக்கத் தெரிந்தவனுக்குப் பத்து நம்பரை அழுத்தத் தெரியவில்லை. விடு.

ஐந்தாவதில் திரும்பினாள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பத்துத் தரம் படித்தேன். என் இசைக்கு ஒரு காது திறந்தது என்றால் எனக்குக் கசக்குமா? ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய மாட்டேனா? ஆனால் அக்கா, நான் போட்டது ஒட்டகச்சிவிங்கி பஸ் ஓட்டுவதற்கு இசை. டிரைவருக்குக் கழுத்து நீளம், அதனால் கூரையில் ஓட்டை. கண்டக்டருக்கு உடம்பெல்லாம் முள், அதனால் யாரும் கை நீட்டி டிக்கெட் வாங்க மாட்டார்கள். இதற்குத்தான் நான் இரண்டு வருஷம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். இது மருந்து இல்லை. டாக்டர் தள்ளிப் போடாதே என்று சொன்னபிறகு நாற்பது நாள் ஏன்?

உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. ஒன்று மட்டும் செய். நீதான் உப்பு ஜாடி காலியான தேதியைக்கூட எழுதி வைக்கிறவள் ஆயிற்றே. எட்டாம் வகுப்போடு நின்றவள் நோட்டைப் பார்த்தால் ஆபீஸ் போகிறவர்களுக்கே வெட்கமாக இருக்கும். அந்த நோட்டை அப்படியே காப்பி எடுத்து அனுப்பு. எந்தத் துண்டில் திரும்பினாள், எதில் திரும்பவில்லை, எல்லாம்.

நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது. இங்கே கடைசிப் பகுதிகளுக்கு இசை முடித்துத் தர வேண்டும். கிடக்கட்டும். அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன்.

அத்தான் எப்படி இருக்கிறார்?

உன் தம்பி

●

ஜூன் 15, திங்கள்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டபடி காப்பி.

நாள் 1: திரும்பியவை 5, 9, 14, 20.
நாள் 2: 5, 14, 20. (ஒன்பதில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.)
நாள் 3: 5, 9, 14, 20.
நாள் 4: 5, 9, 14, 20. பதினான்கில் சிரித்தாள்.
நாள் 5: ஒன்றுமில்லை. (தரையில் படுத்துப் படம் வரைந்தாள்.)
நாள் 6: 5, 9, 14, 20.
நாள் 7: 9, 14, 20. (ஐந்தின்போது நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன், திரும்ப விடவில்லை. என் பிழை.)
நாள் 8, 9: 5, 9, 14, 20.

மற்றப் பதினெட்டுத் துண்டுக்கும் ஒரு நாளும் திரும்பவில்லை. இன்று பத்தாம் நாள், இன்னும் போடவில்லை.

இதைப் பார்த்தபிறகும் நீ 'ஆனால்' என்பாயா? தினமும் அதே நான்கு. சும்மா திரும்புகிற பிள்ளை இப்படி வரிசை தவறாமல் திரும்புமா?

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற பெண் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். "கேக்குதா கேக்குதான்னு குழந்தையைக் கேக்காதீங்க. உங்களைச் சந்தோஷப்படுத்த ஆமான்னு சொல்லிடும். கேக்காம, கவனிங்க." அதை நான் அப்படியே கடைப்பிடிக்கிறேன். ஒரு நாள்கூட அவளைக் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பதோடு சரி. அவள் என் பென்சிலைப் பார்ப்பாள், நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

அத்தானைக் கேட்டிருந்தாய். வேலைக்குப் போகிறார், வருகிறார். லிஃப்ட் நடுவில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் அவர் வெளியே நின்று கதவில் வாய் வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ரிப்பேர் செய்வதைவிட அதுதான் பெரிய வேலை என்பார். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே, "வீட்டுல அதைச் சொல்ல முடியல" என்றார். பிறகு மோர் கேட்டார்.

என்னைக் கேட்டால், வேலையெல்லாம் நடக்கிறது. துணி காய்கிறது. விளக்கு எரிகிறது. முன்பெல்லாம் கண்ணை மூடினால் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். இப்போது மூடின கண்தான் இருக்கிறது. ஆனாலும் மூடுகிறேன்.

உன் பன்னிரண்டாவது துண்டு, மழையில் பஸ் நின்றுபோகிறதே, அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. குரங்குக்கு மேளம் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். குரங்கே இல்லை, தெரியாமல் சொல்லிவிட்டேன்.

வராதே. வந்தால் அவள் உன் வாயைப் பார்ப்பாள். நீ அழுவாய். அழுகிற வாயிலிருந்து அவளால் ஒன்றும் படிக்க முடியாது.

அக்கா

●

ஜூன் 19, வெள்ளி

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதாமல் விட்டால் நீ என்றைக்கும் என்னைக் குறை சொல்ல மாட்டாய், அது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

5, 9, 14, 20. காப்பியைப் பார்த்ததும் ஸ்டுடியோ அலமாரியிலிருந்து இசைக்குறிப்புத் தாள்களை எடுத்து விரித்தேன். நான்கிலும் யானை பஸ்ஸில் ஏறுகிறது. யானைக்கு நான் ஒரு பெரிய முரசு வைத்தேன், ஆள் உயரம் இருக்கும். வாடகைக்கு எடுத்து வந்து நாலு பேர் தூக்கினோம். அதைத் தட்டினால் ஸ்டுடியோவில் காபி டம்ளர் நகரும். இருபத்திரண்டில் அந்த நான்கில் மட்டும்தான் அந்த முரசு இருக்கிறது. வேறு எதிலும் இல்லை.

இப்போது சொல். ஸ்பீக்கரை எதன் மேல் வைத்திருக்கிறாய்? வாலு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள்? அத்தான் பழைய லிஃப்டின் தரைப்பலகையில் ஒரு நீள பெஞ்சு செய்தாரே, கூடத்தில் சுவரோரம் கிடக்குமே, அதுதானா? இரண்டும் ஒரே பெஞ்சின் மேலா? ஐந்தாம் நாள் அவள் தரையில் படுத்திருந்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அன்று ஒன்றுமில்லை என்றும் நீயேதான் எழுதியிருக்கிறாய்.

ஸ்பீக்கரை எடுத்து, கீழே தலையணை வைத்து, உன் மடியில் வைத்துக்கொள். நீ வேறு நாற்காலியில் உட்கார். அவள் பெஞ்சிலேயே இருக்கட்டும். சத்தத்தைக் குறைக்காதே. போட்டுப் பார்.

நான் சொல்வது தப்பாக இருந்தால் உன் காலில் விழுகிறேன். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆமாம், வேண்டிக்கொள்கிறேன், சிரிக்காதே.

தம்பி

●

ஜூன் 26, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஒரே பெஞ்சுதான்.

அன்றே நீ சொன்னபடி செய்தேன். தலையணை, மடி, நாற்காலி. நாள் 17: ஒன்றுமில்லை. நாள் 18: ஒன்றுமில்லை. நாள் 19: ஒன்றுமில்லை. மூன்று நாளும் கூடத்தில் இருந்தவர்கள் நானும் அவளும். கேட்டவர் ஒருவர்.

பத்தொன்பதாம் நாள் இருபதாவது துண்டு முடிந்ததும் அவளே கேட்டாள். "அம்மா, யானை ஏன் மூணு நாளா ஏறவே இல்ல?"

சிலேட்டில், 'எந்த யானை?' என்று எழுதிக் காட்டினேன்.

"யானை ஏறுனா பெஞ்சு ஆடும்ல. ஆடுனா திரும்பிப் பாப்பேன், எந்தப் பாட்டு ஓடுதுன்னு தெரிஞ்சிடும். நீ ஸ்பீக்கரை மடியில வச்சிக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

'பதினாறு நாளாக இதை ஏன் சொல்லவில்லை?' என்று எழுதினேன்.

"நீ கேக்கவே இல்லையே" என்றாள். கத்தாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

பதினாறு நாள் அவள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நிமிஷக் கணக்காக எழுதினேன். தலைக்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காது கேட்கிறதா என்றுதான் கேட்காதே என்றார்கள். ஏன் திரும்பினாய் என்று கேட்காதே என்று யாரும் சொல்லவில்லை.

நேர்ந்தது நாற்பது. பத்தொன்பதோடு நிறுத்திவிட்டேன். விளக்கின் முன்னால் நின்று அதைச் சொன்னேன். கோபம் வந்தால் என் மேல் வரட்டும், பிள்ளை மேல் வேண்டாம் என்று சொன்னேன். பதில் ஒன்றும் வரவில்லை. கோபமும் வரவில்லை.

தையற்காரம்மா தெருவில் நான்கு வீடுகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள், பாப்பாவுக்குக் காது திறந்துவிட்டது என்று. நான்கு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய், இல்லை, பெஞ்சு ஆடியது என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது வீட்டு அம்மாள், "நம்பிக்கை குறைஞ்சிருக்கும் உங்களுக்கு, அதான்" என்றாள். "நம்பிக்கை இருக்குங்க, ஸ்பீக்கரைத்தான் இடம் மாத்தினேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கடைசியாகத் தையற்காரம்மாவிடம் சொன்னேன். ஊசியைத் துணியில் குத்திவிட்டு, "அப்ப நான் பாத்தது?" என்றாள். "நானும்தான் பாத்தேன்" என்றேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். வலது காதுச் சுருள் திறந்திருக்கிறது. இடதில் முதல் வளைவிலேயே மூட ஆரம்பித்துவிட்டது. வலதில் நிச்சயம் வைக்கலாம், இடதில் முயற்சி செய்கிறோம், உள்ளே போனால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

"பத்தொன்பது நாள் முன்னாடி வந்திருந்தா இடதும் திறந்திருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் படத்தை உறையில் போட்டுக்கொண்டே, "அதைச் சொல்ல முடியாதும்மா. போன மாசமே ஆரம்பிச்சிருக்கலாம், போன வாரமும் ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார்.

சொல்ல முடியாது என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஜூலை 15, புதன்கிழமை ஆபரேஷன். தாள்களில் நானும் அத்தானும் கையெழுத்துப் போட்டோம். வரும் வழியில் பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்கிறார் என்று தெரிந்தது. என் கை எங்கேயோ இருந்தது.

உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எழுதாமல் இருந்திருந்தால் இருந்திருக்கும்.

அக்கா

●

ஜூன் 30, செவ்வாய்

அக்கா,

அந்தக் காலி வரி காலியாகவே இருக்கட்டும். அதில் உன் பேரை எழுதிவிடாதே. எழுதுவதென்றால் பாதி என் பேரையும் எழுது. சி.டி.யை அனுப்பியவன் நான்தானே. பதினான்கு மாதம் ரோஷத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவனும் நான்தான். நான் ஏப்ரலிலேயே கூப்பிட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். சொல்லியிருந்தால் நான் உன்னைத் திட்டியாவது டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். இப்படியே போனால் கணக்கு நம் அப்பா அம்மா கல்யாணம் வரைக்கும் போகும். நிறுத்திக்கொள்வோம்.

நான் சும்மா இருக்கவில்லை. இங்கே ஸ்டுடியோவில் மின்வேலை பார்க்கிறவரின் மனைவிக்கு அந்த மெஷின் வைத்து ஆறு வருஷம் ஆகிறது. போய்ப் பார்த்தேன். சமையலறையிலிருந்து என்னோடு பேசினார், என் முகத்தைப் பார்க்காமலே. போனில் பேசுகிறார். புருஷன் முணுமுணுப்பதுகூடக் கேட்கிறதாம். "அதான் எங்க வீட்டுல சண்டையே" என்று சிரித்தார். ஆகவே பேச்சுக்குக் கவலையே இல்லை. அத்தானிடம் சொல். கதவுக்கு வெளியிலிருந்து அவர் சொல்வது அவளுக்குக் கேட்கும். முதலில் எல்லாம் கொசுவும் கோழியும் பேசுவதுபோல இருக்குமாம், பழகப் பழகச் சரியாகுமாம்.

இசை வேறு. உன்னிடம் மறைக்க மாட்டேன். அவரிடம் உனக்குப் பிடித்த பன்னிரண்டாவது துண்டைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. தகர டப்பாவுக்குள்ள நாலு பேர் சண்டை போடுற மாதிரி இருக்கு" என்றார். தாளம் மட்டும் சரியாகப் பிடித்தார், விரலால் மேஜையில் தட்டிக் காட்டினார். ராகம் கிடையாது. எது வயலின், எது குழல், ஒன்றும் தெரியவில்லை. நானும் சிரித்துவிட்டு, காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே ஒன்று சொல்கிறேன். மெஷின் வைத்தபிறகு என் சி.டி.யை அவளுக்குப் போடாதே. அலமாரியில் பூட்டி வை. முதல் முதலாகத் தகர டப்பாவைக் கேட்டுவிட்டு அவள் பயந்துவிடக் கூடாது. பேச்சு வரட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், அது போதும். ஒட்டகச்சிவிங்கி எங்கேயும் ஓடிப்போகாது.

பதினான்காம் தேதி காலை வந்துவிடுவேன். இந்தத் தடவை நீ வராதே என்று எழுதினாலும் வருவேன். அழ மாட்டேன், கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி

●

ஜூலை 4, சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். தபால்காரரிடம் வாலு வாங்கினாள். உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் பிரித்துப் படித்துவிட்டாள். தகர டப்பா உள்பட.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடிதம் மடித்தபடி பக்கத்தில் இருந்தது. "எனக்கு மெஷின் வேணாம்" என்றாள்.

இந்தத் தடவை நான் கேட்டேன். நோட்டை எடுக்கவில்லை. சிலேட்டில் 'ஏன்?' என்று எழுதிவிட்டு, அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவள் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன்.

ஒட்டகச்சிவிங்கி பஸ்ஸை அவள் காய்ச்சலுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்த்தவள். அதனால் உன் சி.டி.யில் இருபது துண்டு அவளுக்கு ஏற்கனவே தெரியும். தலைக்குள் அது அப்படியே இருக்கிறதாம். நான் சி.டி. போடும்போதெல்லாம் பெஞ்சு ஆடுவதை வைத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தலைக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். போடு போடு என்று அடம் பிடித்தது அதற்குத்தான். கடைசி இரண்டும் அவள் கேட்காதவை, படுத்த பிறகு வந்த பகுதிகள். அந்த இரண்டுக்கும் தானே பாட்டுப் போட்டு வைத்திருக்கிறாளாம். பாடிக் காட்டச் சொன்னேன். பாடினாள். சுதி அங்கங்கே வழுக்குகிறது. உன்னுடையதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மோசமில்லை, தம்பி. இருபத்திரண்டாவது உன்னுடையதைவிட எனக்கு நன்றாக இருந்தது. உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

அவளுக்குப் பயம் ஊசியில் இல்லை, கத்தியில் இல்லை, முடியை மழிப்பதில்கூட இல்லை. மெஷினை மாட்டினால் தகரச் சத்தம் உள்ளே வந்து, தலைக்குள் இருப்பதை அழித்துவிடுமோ என்பதுதான்.

உன் அத்தானிடம் சொன்னேன். "எட்டு வயசுப் புள்ள, நாம தூக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். ஆபரேஷன் எப்படியும் நடக்கும். அதில் இனி ஒரு நாளும் நான் தள்ளிப் போட மாட்டேன். ஆனால் காது சோதிக்கிற பெண்ணிடம் நேற்றுப் போய்க் கேட்டேன். "கம்பி வைக்கிறது டாக்டர் வேலை. அதுக்கப்புறம் தினமும் மாட்டிக்கிட்டுப் பழகுறது குழந்தையோட வேலை. வேணாம்னு கழட்டி வச்சிட்டா எங்களால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. அப்படிக் கழட்டி வச்ச பிள்ளைங்களும் இருக்காங்க" என்றாள். தலைக்குள் இருக்கும் பாட்டு போய்விடுமா என்றும் கேட்டேன். அதைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றாள். டாக்டரிடம் கேட்டதற்கு, "பாட்டு நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்றார்.

ஆகவே நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. போகாது கண்ணே என்று எழுத சாக்பீஸைக் கையில் எடுத்தேன். எனக்குத் தெரியாததை எழுதிப் பதினாறு பக்கம் நிரப்பியவள் நான். கீழே வைத்துவிட்டேன். 'மாமாவிடம் கேட்போம்' என்று எழுதினேன். சரி என்றாள். அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இதோடு வைத்திருக்கிறேன். நீ பார்க்குமுன் கசங்கிவிட்டால் என்று இங்கேயும் காப்பி எடுக்கிறேன்:

'மாமா, அந்த ஆன்ட்டிக்கு மெஷின் வைக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்ச பழைய பாட்டு எல்லாம் இப்பவும் தலைக்குள்ள இருக்கா? இல்ல அதுவும் டப்பா சத்தமா ஆயிடுச்சா? அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க. பொய் சொன்னா நான் கழட்டிடுவேன். வாலு.'

எனக்கு இந்தக் கேள்வியே தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை. நீ காபி குடித்துவிட்டு வந்துவிட்டாய்.

மறுபடி அந்த அம்மாள் வீட்டுக்குப் போ. அவள் கேட்டதை அவள் வார்த்தையிலேயே கேள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுது. நல்லதாக இருந்தால் நல்லது. இல்லை என்று சொன்னாலும் இல்லை என்றே எழுது. அதை அவளிடம் காட்டி, அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம். நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளாதே. பதினான்காம் தேதி வாயைப் பார்த்துப் படிக்க அவளால் முடியாது. எழுத்தில் இருந்தால்தான் திரும்பத் திரும்பப் படிப்பாள். கடிதத்தை அவள் பேருக்கே அனுப்பு.

தபால் இங்கே வர மூன்று நாள் ஆகிறது. பன்னிரண்டு ஞாயிறு. ஆகவே பதினொன்றாம் தேதி, சனிக்கிழமைக்குள் அவள் கையில் கிடைக்க வேண்டும். உடனே பதில் எழுது.

அக்கா